புள்ளி வைத்துப் போட்ட கணக்கு



நீளமான பதிவு இது. அவசரமாக இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராசிபுரம் சித்தப்பா மட்டும் எப்படியும் கடைசி வரை படித்துவிட்டு எழுத்துப்பிழை சொல்வார் என்று தெரியும்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மகன் ஏழாவது படிக்கிறான். "டீச்சர், எந்நேரமும் படம் வரைஞ்சுகிட்டே இருக்கான். கணக்குல 42 மார்க்கு. ஓவிய வகுப்ப நிறுத்திட்டு அந்தக் காசுல கணக்கு டியூஷன்ல சேத்துடலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, எழுதுகிறேன் என்றேன். அவளுக்கு மட்டும் எழுதுவதைவிட எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். படம் வரைவதற்கும் மூளை வேலை செய்வதற்கும் என்ன உறவு என்பது நம் ஊரிலேயே நீண்ட வரலாறு உள்ள விஷயம். அந்த வரலாற்றில் ஒரு சின்னத் துண்டு நான் வேலை பார்த்த கொல்லிமலையிலும் கிடக்கிறது.

1993ல் எனக்கு மலைக்கு மாற்றல் வந்தது. அப்போது நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை, சேலத்தோடு இருந்தது. 1997 ஜனவரியில்தான் பிரிந்தது. காரவள்ளியில் பஸ் மலையேறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவு. முதல் வாரம் பூராவும் எனக்குத் தலைசுற்றல்தான். மலைக்காரப் பிள்ளைகளுக்கு அது ஒன்றுமே இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டே வருவார்கள்.

கொல்லிமலை என்றால் ஆகாயகங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி என்று எல்லோருக்கும் தெரியும். தமிழ் இலக்கியத்தில் அந்த மலைக்கு இன்னொரு புகழும் உண்டு. அதுதான் கொல்லிப்பாவை. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு மூன்றிலும் இந்தப் பாவை வருகிறது. தெய்வம் செய்த பெண்ணுருவம், காற்றும் மழையும் அடித்தாலும் நிலமே நடுங்கினாலும் அழகு குலையாமல் நிற்கும் என்று புலவர்கள் பேசுகிறார்கள். மலையில் உள்ள எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவை என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அது எப்படியோ போகட்டும். ஒரு மலையைச் சொல்லும்போது அங்கே விளைகிற மிளகைச் சொல்வதற்கு முன்னால் அங்கே இருக்கிற ஓர் உருவத்தைச் சொன்னார்கள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

பள்ளியில் எனக்குக் கொடுத்தது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்கு. பிள்ளைகள் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு என்று பல நாடுகளிலிருந்தும் வந்து விடுதியில் தங்கிப் படித்தார்கள். (மலையில் ஊராட்சிக்கே 'நாடு' என்றுதான் பெயர்.) அங்கே வாழும் மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்தோடு சம்பந்தம் இல்லை, மலையை ஆள்பவர்கள். வீட்டில் பேசுவது தமிழ். நான் போன முதல் நாளே அறையில் ஒருவர் சொன்னார்: "இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாதுங்க டீச்சர். வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துட்டுப் போங்க, போதும்." அவர் கெட்டவர் இல்லை. எல்லோரும் சொல்லிச் சொல்லி அவரும் சொல்லப் பழகியிருந்தார்.

முதல் ஆண்டில் ஒரு பையன் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. "ஏன் டீச்சர், ரோட்ட நேரா மேல போட்டா சீக்கிரம் வந்துடலாமில்ல? எதுக்கு இத்தன வளைவு?" பதிலை வாயால் சொல்லாமல் சாக்பீஸை அவன் கையிலேயே கொடுத்தேன். மலையை ஒரு செங்கோண முக்கோணமாக வரையச் சொன்னேன். ஏற வேண்டிய உயரம் சுமார் 1000 மீட்டர். இருபது அடி போனால் ஓரடி ஏறுகிற சாய்வில் பஸ் ஏறும் என்று வைத்துக்கொள். அப்படியானால் சாலை எத்தனை நீளம் வேண்டும்? 20,000 மீட்டர், அதாவது 20 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு நேர்த்தூரம் அதில் சிறு பங்குகூட இல்லை. அந்த நீளக் கோட்டை அந்தச் சின்ன இடத்துக்குள் எப்படி அடைப்பது? பையன் பலகையில் கோட்டை இப்படியும் அப்படியும் மடித்து மடித்து வரைந்தான். நாலாவது மடிப்பில் அவனே சிரித்துவிட்டான். கொண்டை ஊசி வளைவுகளை அவனே கண்டுபிடித்துவிட்டான் அல்லவா!

ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போல்யா என்ற கணித மேதை 1945ல் கணக்குகளுக்குத் தீர்வு காணும் வழிகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். உலகமெங்கும் கணக்கு ஆசிரியர்கள் படித்த புத்தகம் அது. கணக்கு புரியவில்லையா, முதலில் ஒரு படம் வரைந்து பார் என்பது அதில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் யோசனைகளில் ஒன்று. அவர் சொல்லும் படத்தில் அழகு இருக்க வேண்டியதில்லை. கணக்கில் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

இப்போது கோலத்துக்கு வருகிறேன்.

மலையில் மார்கழிப் பனி எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். எதிரே நிற்கும் ஆள் தெரியாது. அந்தப் பனியில் பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள், விடுதி வாசலில் பெண் பிள்ளைகள் கோலம் போட்டார்கள். பூக்கோலம், தேர்க்கோலம் எல்லாம் போட்டார்கள். நடுவில் ஒருத்தி மட்டும் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சிலர் நெளிக்கோலம் என்பார்கள், சிலர் கம்பிக் கோலம் என்பார்கள். புள்ளியைத் தொடாமல் புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற கோடு. எட்டாம் வகுப்புப் பெண். காலாண்டுத் தேர்வில் என் பாடத்தில் 19 மார்க். கையை எடுக்காமல் கோட்டை ஓட்டிக் கடைசியில் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடித்தாள். "எப்படி ஒரே கோட்டுல முடியும்னு முன்னாடியே தெரியும்?" என்று கேட்டேன். "புள்ளிய எண்ணினாலே தெரியும் டீச்சர்" என்றாள், சாதாரணமாக.

புள்ளியை எண்ணினாலே எப்படித் தெரியும்? நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்ல வேண்டும். ஓரத்துக்கு வந்தால் ஓரப் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். எந்தப் புள்ளியும் கோட்டுக்கு வெளியே விடுபடக் கூடாது. இவ்வளவுதான் விதி. 3க்கு 4 புள்ளியில் ஒரே கோட்டில் கோலம் முடிந்துவிடும். 3க்கு 3 வைத்தால் முடியாது, மூன்று தனித்தனிக் கோடு வேண்டும். 2க்கு 4ல் இரண்டு கோடு. 4க்கு 6லும் இரண்டு. 5க்கு 7ல் ஒன்றே ஒன்று.

பொங்கல் முடிந்து வந்ததும் இதையே வகுப்பில் கொடுத்தேன். நாற்பது பிள்ளைகள், தரையெல்லாம் சாக்பீஸ். எத்தனைக்கு எத்தனை புள்ளி, எத்தனை கோடு என்று ஒரு பட்டியல் போட்டோம். இரண்டு பீரியட் ஆனது. பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு பையன் சொன்னான்: "டீச்சர், இது மீ.பொ.வ.!"

ஆமாம். மீப்பெரு பொது வகுத்தி. இரண்டு பக்கத்துப் புள்ளி எண்ணிக்கைக்கும் மீ.பொ.வ. என்னவோ அத்தனை கோடு. 4க்கும் 6க்கும் 2. 3க்கும் 4க்கும் 1, அதனால் ஒரே கோடு. எங்கள் பாட்டிமார் 'இந்தப் புள்ளிக்குக் கோலம் கூடும், இந்தப் புள்ளிக்குக் கூடாது' என்று சொன்னதில் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

ஏன் அப்படி என்பதும் படத்திலேயே இருக்கிறது. 4க்கு 6 கட்டத்தில் ஒரு 4க்கு 4 சதுரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். மிச்சம் 4க்கு 2. கோடுகளின் எண்ணிக்கை மாறாது. அதில் ஒரு 2க்கு 2 சதுரத்தை வெட்டுங்கள். மிச்சம் இன்னொரு 2க்கு 2 சதுரம். சதுரம் மட்டும் மிஞ்சினால் அதன் பக்கம்தான் விடை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போகிற இந்த வழியை யூக்ளிட் தம் நூலில் எழுதி வைத்தது கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்னால்.

19 மார்க் வாங்கிய அந்தப் பெண்ணிடம் 72க்கும் 48க்கும் மீ.பொ.வ. கேட்டேன். பகாக் காரணிப்படுத்தி எழுதச் சொன்னால் தடுமாறுவாள். நோட்டில் ஒரு நீள்சதுரம் போட்டாள். 48 சதுரம் ஒன்றை வெட்டினாள். மிச்சம் 48க்கு 24. இன்னொரு வெட்டு. "24 டீச்சர்." அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த வருடம் முழுத் தேர்வு விடைத்தாள்களை வேறொரு பள்ளியில் திருத்தினார்கள். மீ.பொ.வ. கணக்கை அவள் சதுரம் வெட்டியே போட்டிருக்கிறாள். விடை சரி. ஐந்துக்கு ஒரு மார்க் போட்டு, ஓரத்தில் 'முறை இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். யூக்ளிட் எழுதியிருந்தாலும் அன்றைக்கு அவருக்கு ஒரு மார்க்தான் கிடைத்திருக்கும். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுபோனது. அந்த நாலு மார்க் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். மேலே படிக்க இருந்த தூரம், வீட்டில் தம்பி தங்கைகள், மரவள்ளிக்காட்டு வேலை எல்லாம் சேர்ந்தது. ஆனால் அவளைத் தொடர்ந்து படிக்க வையுங்கள் என்று அவள் அப்பாவிடம் நான் போய்ப் பேசியபோது, "கணக்கே வரலைன்னு எழுதிப் போட்டிருக்காங்களே டீச்சர், அப்புறம் எதுக்கு?" என்றார். அந்தத் தாளைத்தான் அவர் சாட்சியாகக் காட்டினார்.

இதில் எனக்குக் கூடுதல் வருத்தம் எதற்கென்றால், அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தமிழ்நாட்டிலேயே படித்த மேதைகள் கோலத்தைக் கணக்கு என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. 1932ல் பிறந்தவர், 1988ல் காலமானார். பல துறைகளில் மூக்கை நுழைத்த மனிதர். மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகலன்களைப் பற்றி எழுதினார், சிந்துவெளி எழுத்துகளை ஆராய்ந்தார், கோலத்தையும் ஆராய்ந்தார். அவரும், அவர் மனைவி ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974ல் கோலத்துக்கான இலக்கணம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளிநாட்டுக் கணினி வரைகலை இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். அப்போது நம்மில் பலர் கணினியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இலக்கணம் என்றால் என்ன? 1950களில் நோம் சோம்ஸ்கி, சில விதிகளை வைத்துக்கொண்டு ஒரு மொழியின் எண்ணற்ற வாக்கியங்களை உருவாக்கிவிடலாம் என்று காட்டினார். வாக்கியம் ஒரே வரியில் இடமிருந்து வலமாக ஓடுவது. படம் அப்படி இல்லை, நீளமும் உண்டு அகலமும் உண்டு. படத்துக்கு அப்படி விதி எழுத முடியுமா என்பது அன்றைய கணினி ஆய்வாளர்களின் பெரிய கேள்வி. சிரோமணி குழுவினருக்கு விடை தேடத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. வாசலிலேயே இருந்தது. சின்னக் கோலம் தெரிந்த பெண் அதையே விரித்து, எத்தனை பெரிய வாசலுக்கும் போடுகிறாள். ஒவ்வொரு அளவையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. ஒரு சில அசைவுகளும், எப்போது எதைச் செய்வது என்ற விதியும்தான் அவள் மனதில் இருக்கின்றன. அதை எழுத்தில் பிடித்தால் அதுதான் இலக்கணம்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1968ல், அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் செடி எப்படிக் கிளைவிட்டு வளர்கிறது என்பதற்கு இதேபோன்ற விதிமுறை ஒன்றைக் கொடுத்திருந்தார். கணினியில் செடி கொடிகளை வரைய இன்றும் அது உதவுகிறது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த விதிமுறையைக் கொண்டே சில கோலங்களையும் கணினியில் வரைந்து காட்டினார்கள். செடிக்கும் கோலத்துக்கும் ஒரே இலக்கணம் பொருந்துகிறது! 2002ல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியை மார்சியா ஆஷர் கோல மரபைப் பற்றி விரிவாக எழுதிய பிறகு வெளிநாடுகளிலும் நிறையப் பேர் இதைக் கையில் எடுத்தார்கள்.

ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டுச் சோக்வே மக்களிடமும் இதே மாதிரி ஒரு கலை இருக்கிறது. அங்கே ஆண்கள் மணலில் விரலால் புள்ளி வைத்து, கதை சொல்லிக்கொண்டே புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுப்பார்கள். அந்தக் கோலங்களுக்குச் 'சோனா' என்று பெயர். மொசாம்பிக்கில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த பாலஸ் கெர்டஸ் என்ற கணிதர் அதை வைத்தே பிள்ளைகளுக்கு மீ.பொ.வ. கற்பிக்கலாம் என்று காட்டினார். நம் கோலங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கொல்லிமலைத் தரையில் நாங்கள் சாக்பீஸால் கண்டதையும் அங்கோலா மணலில் அவர் கண்டதையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுதான். இது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிய வந்தது. தெரிந்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் மாமா காப்பி போட்டுக் கொடுத்தார், அது வேறு கதை.

கோலப்பொடி மலையில் இன்னொரு வேலையும் செய்தது. 1980களின் கடைசியில் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் ஊர் வளர்ச்சிக்கு ஊராரையே திட்டம் போடச் சொல்லும் முறை ஒன்றை இந்தியாவில் பரவலாக்கினார்கள். கேள்வித்தாளோடு வந்து "உங்க வீட்டுல எத்தன பேரு?" என்று கேட்பதற்குப் பதிலாக, ஊர் வரைபடத்தை ஊர்க்காரர்களே தரையில் வரைவார்கள். பேனா வேண்டாம், எழுத்து வேண்டாம். கோலப்பொடி, கல், விதை, இலை போதும். தொண்ணூறுகளின் நடுவில் மலையில் ஓர் ஊரில் அப்படி வரைந்ததை ஓரமாக நின்று பார்த்தேன்.

முதலில் ஆண்கள்தான் வரைந்தார்கள். பெரிய பாதை, கோயில், கடை. பிறகு ஒரு பாட்டி பொடியை வாங்கி, ஊற்று இருக்கும் இடத்தை வைத்தார். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பெண்கள் குடம் சுமக்கிற பாதையை இழுத்தார். ஆண்கள் குழாய் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்த இடம் பெரிய பாதையை ஒட்டியிருந்தது. பாட்டி இழுத்த கோடுகளைப் பார்த்தால் அந்த இடத்தால் பாதி வீடுகளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. யாரும் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. படத்தைப் பார்த்தார்கள், குழாய்க்கான கல்லை நகர்த்தி வைத்தார்கள். கூட்டத்தில் அந்தப் பாட்டி எழுந்து நின்று வாயால் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

அடுத்து பன்னிரண்டு தமிழ் மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம் போட்டு, மழைக்கு இத்தனை விதை, வேலைக்கு இத்தனை, வீட்டில் தானியம் இருப்பதற்கு இத்தனை என்று வைத்தார்கள். சாமையும் கேழ்வரகும் போட்ட காலத்தில் கட்டங்கள் எப்படி இருந்தன, சேகோ ஆலைக்காக மரவள்ளி போட ஆரம்பித்த பிறகு எப்படி ஆயின என்று கிழவர்கள் மாற்றி வைத்துக் காட்டினார்கள். காசு வருகிற மாதமும் சோறு இல்லாத மாதமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கப் பல ஆண்டுகள் வேலை செய்தது உங்களில் பலருக்குத் தெரியும். சாமை ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு நான் பார்த்த மிகத் தெளிவான பதில் அன்றைக்கு அந்தத் தரையில் விதைகளால் எழுதியிருந்தது. சாயங்காலம் கோழிகள் வந்து கொத்திவிட்டுப் போய்விட்டன.

இனி பள்ளிக்கூடக் கதை. இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், சொன்னால் கோபம்தான் வருகிறது. சென்னையில் 1850லேயே அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஓவியப் பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. 1937ல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில்தான் மையம். நம் காலத்துப் பள்ளியில் ஓவியப் பீரியட் என்று ஒன்று இருந்ததே நினைவிருக்கிறதா? இருந்தது, ஆனால் முழுப் பரீட்சை நெருங்கினால் அதைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார், இல்லாவிட்டால் அறிவியல் வாத்தியார். 2012ல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளத்தில் போட்டார்கள். அந்த ஓவிய ஆசிரியர்களில் அருமையானவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் வாரத்தில் மூன்று அரை நாள் பள்ளிக்கு வந்துவிட்டு மற்ற நாட்களில் கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதிக் குடும்பம் நடத்தினார். ஒரு பாடத்துக்கு நாம் என்ன மரியாதை வைத்திருக்கிறோம் என்று சம்பளப் பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நடுவில் நல்ல காலமும் ஒன்று வந்தது. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08ல் மாநிலம் முழுக்க வந்தது. சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கீழே கரும்பலகை வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென்று வரைய ஓர் இடம்! கரும்பலகை வாத்தியார் சொத்து என்ற நிலைமை மாறிய நாள் அது. ஆறு முதல் எட்டு வரை படைப்பாற்றல் கல்வி வந்தது, அதில் மனவரைபடம் வந்தது. பாடத்தைப் படித்துவிட்டு, நடுவில் தலைப்பை எழுதி, கிளை கிளையாகப் பிரித்துப் படமாக வரைய வேண்டும். இங்கிலாந்தில் டோனி புசான் 1970களில் பரப்பிய முறை. நல்ல முறைதான். ஆனால் பார்வைக்கு அதிகாரி வருகிறார் என்றால், எல்லா நோட்டிலும் ஒரே மாதிரி பூ, ஒரே மாதிரி ஐந்து இதழ், பலகையைப் பார்த்து எழுதியது. பிள்ளை யோசித்து வரைந்தால்தான் அது மனவரைபடம். பார்த்து எழுதினால் அது இன்னொரு மனப்பாடம்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். படம் வரைந்தால் கணக்கில் மார்க் ஏறுமா?

சும்மா ஏறாது. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓவிய வகுப்பில் சேர்த்தால் மூளை வளரும், கணிதம் வரும் என்று விளம்பரம் போடுகிறார்களே, அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2000ல் அலசினார்கள். ஓவியம் கற்பதாலேயே மற்றப் பாடங்களில் மதிப்பெண் கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றார்கள். ஓவியத்தை நேசிப்பவர்களே இதைச் சொன்னதால் அப்போது பலருக்கு அவர்கள் மேல் கோபம். பிறகு அவர்களே நல்ல ஓவிய வகுப்புகளில் உட்கார்ந்து என்னதான் நடக்கிறது என்று கவனித்தார்கள். உற்றுப் பார்ப்பது, இல்லாததை மனதில் கற்பனை செய்து பார்ப்பது, சரியாக வராவிட்டால் விடாமல் திரும்பச் செய்வது, செய்ததைத் தானே எடைபோடுவது ஆகிய பழக்கங்கள் அங்கே உருவாவதைக் கண்டார்கள்.

உற்றுப் பார்ப்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவில் யேல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களை ஓவியக் காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், ஓர் ஓவியத்தின் முன் நிறுத்தி, கண்ணில் படுவதையெல்லாம் சொல்ல வைத்தார்கள். அப்படிப் பயின்ற மாணவர்கள் பிறகு நோயாளிகளின் படங்களைப் பார்த்தபோது மற்றவர்களைவிட அதிக விவரங்களைக் கவனித்தார்கள் என்று 2001ல் எழுதினார்கள். மருத்துவம் படித்த என் பிள்ளைகள் இதைப் படித்தால் கருத்துப் பெட்டியில் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஆகவே கண்ணு, ஓவிய வகுப்பை நிறுத்தாதே. டியூஷனும் இப்போது வேண்டாம். அவன் வரைகிறானே, அந்தக் கையைக் கணக்கு நோட்டுக்குள்ளும் விடு. பின்னம் என்றால் ரொட்டியை வரையட்டும். வயதுக் கணக்கு என்றால் கோடு போட்டு அப்பா இவ்வளவு நீளம், மகன் இவ்வளவு நீளம் என்று பார்க்கட்டும். ரயில் கணக்கு என்றால் தண்டவாளத்தைப் போடட்டும், எஞ்சினுக்குப் புகை விட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் கொஞ்சம் அதட்டு. படம் போட்டதற்காக அவன் ஆசிரியர் மார்க்கைக் குறைத்தால் நேரில் போய் மரியாதையாகக் கேள். நீ என் மாணவி, கேட்கத் தெரியும்.

டியூஷன் காசு மிச்சமானால் நல்ல நிறப் பென்சில் பெட்டி வாங்கிக் கொடு.

மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பாட்டி, அம்மா, அத்தை வைத்திருக்கும் பழைய கோல நோட்டு ஏதாவது பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பழைய டைரியிலும் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலும் போட்டு வைத்திருப்பார்கள். சிக்குக் கோலம் இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். கூடவே எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எத்தனை கோட்டில் முடிகிறது, வீட்டில் அதற்கு என்ன பெயர், யாரிடம் கற்றது என்று எழுதுங்கள். மலைப் பிள்ளைகள் கட்டாயம் அனுப்ப வேண்டும். ஊடுபுள்ளிக் கோலங்களுக்கு மீ.பொ.வ. விதி அப்படியே பொருந்தாது, அதில் வேறு சுவாரசியம் இருக்கிறது. ஒரு ஐம்பது கோலமாவது சேர்ந்த பிறகு அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்